பெரியம்மாவை ஒரு மாதம் நிறுத்தியவர்

துறைமுகத்தில் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதை அப்படியே நம்பி, திறக்காத பெட்டியையும் துருப்பிடித்த பூட்டையும் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் உண்டு. ஒரு தடவை ஓர் அம்மாள் அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டு வந்து, "கொஞ்சம் வந்து திறந்து குடுங்கய்யா" என்று கெஞ்சினாள். அவர் முறைத்த முறைப்பில் வந்த வழியே ஓடிப்போனாள். அந்த மனுஷனுக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட வராது. அவர் பூட்டியதாகப் பேர் வாங்கியதெல்லாம் கப்பல்களைத்தான்.

விஷயம் இதுதான். சண்டை தொடங்கிய மூன்றாம் மாதமே அரசாங்கம் ஓர் உத்தரவு போட்டது. நாட்டில் பதிவாகியிருக்கும் சரக்குக் கப்பல் எதையும் அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் வெளிநாட்டாருக்கு விற்கக் கூடாது. நியாயம்தானே? கப்பல் போய்விட்டால் தானியம் எதில் வரும், நிலக்கரி எதில் வரும், எதிரியைச் சுடுகிற குண்டுதான் எதில் வரும்? ஆறு வருஷம் சண்டை நடந்தது. முடிந்து நாலு வருஷமும் ஆனது. சண்டைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, கல்யாணம் செய்து, பிள்ளையும் பெற்றுவிட்டார்கள். உத்தரவு மட்டும் அப்படியே இருந்தது. எடுக்க வேண்டியவர்களுக்கு அதை எடுக்கும் ஞாபகம் வரவில்லை.

விற்க ஆசைப்படும் கப்பல் முதலாளி மனுப் போடுவார். மனு தலைநகரத்துக்குப் போகும். அங்கே ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உட்கார்ந்து, பெரும்பாலும் இல்லை என்று சொல்லும். அந்த 'இல்லை' தபாலில் துறைமுக அலுவலகத்தின் மாடிக்கு வரும். கப்பல் பதிவுப் பிரிவில் ஜன்னலோரமாக இருக்கும் மூன்றாவது மேசை நம்மவருடையது. அவர் கடிதத்தைப் பிரிப்பார், மனுவை எடுப்பார், 'அனுமதி இல்லை' என்ற ரப்பர் ஸ்டாம்பை மையில் ஒற்றி ஓங்கி ஒரு குத்துக் குத்துவார். அந்தச் சத்தம் கீழே வராந்தா வரைக்கும் கேட்கும். அதுதான் அவர் செய்தது, அவ்வளவேதான். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு படகைக்கூட அவராக நிறுத்தியதில்லை.

ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே! வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போதே ஆரம்பித்துவிடுவார். "இன்னைக்கு ஒருத்தன் வந்தான். எட்டாயிரம் டன் கப்பல். விக்கணுமாம். விட்ருவேனா?" மனைவி கண்ணை அகல விரித்துக் கேட்பாள். அவள் கிணற்றடியில் சொல்வாள், அங்கே தண்ணீர் இறைக்கிற பெண்கள் தெருவில் சொல்வார்கள். தெருவில் பாதி வீடு கப்பலில் வேலை செய்கிற வீடு. கப்பல் விற்றுப்போனால் வேலை போய்விடும் என்ற பயம் உள்ள வீடுகள். அவர்களுக்கு அவர் தெய்வம் மாதிரி ஆகிவிட்டார். கடைக்குப் போனால் வழி விடுவார்கள், நாற்காலி போடுவார்கள். அந்த நாற்காலியில் அவரும் வெட்கமில்லாமல் உட்கார்ந்தார்.

கெட்ட மனுஷன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருபத்திரண்டு வயதில் நகல் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முப்பத்து நாலு வருஷத்தில் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை, ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. மேசையில் அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, ஏஜெண்டுகள் பேசுவதைக் கேட்பதில்லை. அவர்கள் வாயைத் திறந்ததுமே வலது உள்ளங்கையை உயர்த்தி, "காகிதம் பேசட்டும்" என்பார். அவருக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் ஓர் ஏஜெண்ட் சொன்ன சோகக் கதையைக் கேட்டு மனம் இளகி, ஒரு மனுவை முறை மாற்றி மேலே அனுப்பப் போய் வேலையை இழந்தார். அன்றிலிருந்து இந்த உள்ளங்கை. இரண்டாவது, வருகிற காகிதத்தின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை. இணைப்புகள் எத்தனை, கையெழுத்து இருக்கிறதா, முத்திரை விழுந்திருக்கிறதா, இதைத்தான் பார்ப்பார். அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். உள்ளே படிப்பவனை அதிகப்பிரசங்கி என்பார்கள்.

இனி பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியம்மா என்பது ஒரு கப்பல். பதிவேட்டில் அதற்கு வேறு கௌரவமான பெயர் இருந்தது, ஆனால் அதில் வேலை செய்தவர்கள் வாயில் அது வந்ததே இல்லை. வயது இருபத்தொன்பது. பருத்த உடம்பு, மெதுவான நடை, ஓயாத இருமல், எதற்கெடுத்தாலும் ஒரு முணுமுணுப்பு. பெரியம்மா என்று கூப்பிடாமல் வேறு என்ன என்று கூப்பிடுவார்கள்? அதன் எஞ்சின் அறையில் பதினொரு பேர். அதில் ஒருவர், ஓடுகிற எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிற வேலை பார்த்தவர், நம்மவருடைய ஒரே மகளின் புருஷன்.

மாப்பிள்ளைக்குக் காது கேட்காது. பிறவியில் அப்படி இல்லை. சண்டைக் காலத்தில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குண்டு விழுந்து நீராவிக் குழாய் வெடித்தது. அன்றோடு இரண்டு காதும் போனது. முகத்தைப் பார்த்துப் பேசினால் உதட்டசைவைப் பிடித்துக்கொள்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. கரையில் அவர் எந்த வேலைக்குப் போனாலும் இரண்டாம் நாளே திருப்பி அனுப்பினார்கள். எஞ்சின் அறையில் அப்படி இல்லை. அங்கே போடுகிற சத்தத்தில் யாருக்குத்தான் காது கேட்கும்? எல்லோருமே கை ஜாடையில்தான் பேசுவார்கள். மாப்பிள்ளை உள்ளங்கையை பேரிங் மேல் வைத்தாரென்றால் சூடு ஏறுகிறதா, எண்ணெய் போதவில்லையா, எங்கே உரசுகிறது என்பதெல்லாம் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். காது கேட்கிறவர்களே அவரை அழைத்துத்தான் கேட்பார்கள்.

சிக்கல் ஒன்றே ஒன்று. ஒரே கப்பலில் தொடர்ந்து வேலை செய்கிறவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது டாக்டரிடம் போக வேண்டாம். வேறு கப்பலில் சேர வேண்டுமென்றால் துறைமுக டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். அவர் செய்கிற முதல் வேலை, ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து காதருகே கைக்கடிகாரத்தைப் பிடித்து, "கேட்குதா?" என்பது. மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்வியே கேட்காது. ஆக, பெரியம்மா இருக்கும்வரை அவருக்கு வேலை. பெரியம்மா போனால் இந்த உலகத்தில் அவரைச் சேர்த்துக்கொள்ள வேறு கப்பல் கிடையாது. இது மகளுக்குத் தெரியும், மாமனாருக்குத் தெரியும், இரண்டு பேத்திகளில் பெரியவளுக்குக்கூடத் தெரியும்.

பெரியம்மாவின் முதலாளி மூன்று தடவை மனுப் போட்டார். மூன்று தடவையும் தலைநகரத்திலிருந்து 'இல்லை' வந்தது. மூன்று தடவையும் பூட்டுக்காரர் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு குத்தினார்.

உத்தரவு எடுக்கப்பட்ட செய்தி ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வந்தது. அடுத்த மேசை டைப்பிஸ்ட் அம்மாள்தான் அரசிதழைப் பிரித்துப் படித்தாள். வரும் ஒன்றாம் தேதி முதல் சரக்குக் கப்பல்களை நட்பு நாடுகளுக்கு விற்க முன் அனுமதி தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும்.

"சார், உங்க பூட்டு உடைஞ்சு போச்சே!" என்றாள்.

பிரிவே கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பெரியம்மா ஞாபகம் வந்தது.

வீட்டுக்குப் போவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போய்விட்டது. மகளும் மாப்பிள்ளையும் இரண்டு வீடு தள்ளித்தான் குடியிருந்தார்கள். பெரியம்மா அடிப்பாகம் சுரண்டுவதற்காகத் துறையில் நின்றிருந்ததால் மாப்பிள்ளையும் கரையில்தான் இருந்தார். மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அப்பா, எல்லாக் கப்பலும் போகட்டும். நம்ம கப்பல மட்டும் விட்ராதீங்கப்பா."

அப்போது சொல்லியிருக்கலாம். 'அம்மா, நான் யாரையும் நிறுத்தினதே இல்ல, எனக்கு அந்த அதிகாரமே கிடையாது, இத்தனை நாள் சொன்னதெல்லாம் சும்மா உதார்' என்று ஒரு வார்த்தை, முடிந்திருக்கும். நாக்கு வரைக்கும் வந்தது. பக்கத்தில் மனைவி நின்றாள். பத்து வருஷமாக அவர் சொன்னதையெல்லாம் நம்பிய முகம். மென்று விழுங்கிவிட்டார்.

"பார்த்துக்கலாம், விடும்மா" என்றார்.

மாப்பிள்ளை அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாமா" என்றார். அந்த 'சரி'யில் இருந்த நிம்மதியைப் பார்த்து மாமனாருக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொல்லவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

புது மாதம் மூன்றாம் தேதி பெரியம்மாவின் காகிதங்கள் வந்தன. முதலாளியின் ஏஜெண்ட் கொண்டுவந்தான். ஒல்லியான ஆள், எப்போதும் மூச்சு வாங்கிக்கொண்டே பேசுகிறவன். பத்து வருஷத்தில் அந்த மேசையில் அவன் முழுசாக ஒரு வாக்கியம் பேசி முடித்ததில்லை. கோப்பை வைத்துவிட்டு, "சார், இதுல ஒரு தேதி இருக்கு சார், பதினஞ்சாம் தேதிக்குள்ள..." என்று தொடங்கினான்.

உள்ளங்கை உயர்ந்தது. "காகிதம் பேசட்டும்."

"இல்ல சார், ஒரே நிமிஷம், அந்தத் தேதி தப்பினா நம்ம ஆளுங்களுக்கே..."

கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

பூட்டுக்காரர் இணைப்புகளை எண்ணத் தொடங்கினார். பதிவுச் சான்றிதழ் இருந்தது. கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் இருந்தது. ஏழு பக்க விற்பனைப் பத்திரம் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து இருக்கிறதா என்று கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஏழிலும் இருந்தது. போயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தார். அப்புறம்தான் கண்ணில் பட்டது. உத்தரச் சான்று இல்லை!

அது என்னவென்றால், பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் எண் உண்டு. அதைக் கப்பலின் நடு உத்தரத்தில் உளியால் வெட்டியிருப்பார்கள். கப்பல் வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் கப்பல்களைச் சோதிக்கிற சர்வேயர் ஏறிப் பார்த்து, எண் இதுதான், பார்த்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய விதி. சண்டைக்காலத்தில் கப்பலே போகாததால் அந்தச் சான்றை யாரும் கேட்டதில்லை, பல பேர் மறந்தே போனார்கள். அவர் மறக்கவில்லை. புது உத்தரவு அந்த விதியை நீக்கவும் இல்லை.

முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக, தன் கையால் ஒரு கப்பலை நிறுத்த அவருக்கு வழி கிடைத்தது. அதுவும் நேர்மையாக, விதிப்படி! முத்து முத்தான கையெழுத்தில் குறிப்பு எழுதினார்: 'உத்தரச் சான்று இணைக்கப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.' எழுதி முடித்து, சந்தோஷத்தில் ஒரு தடவை வாய்க்குள்ளேயே படித்துப் பார்த்துக்கொண்டார்.

ஏஜெண்ட் மேலதிகாரியிடம் ஓடினான். அவர் குறிப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவரு எழுதினா சரியாத்தான் இருக்கும். சான்றை வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். துறைமுகத்துக்கு சர்வேயர் ஒரே ஒருவர். உத்தரவு எடுத்ததும் விற்பனைக்குக் கிளம்பிய கப்பல்கள் பதினாலு. வரிசையில் பெரியம்மா கடைசி. முப்பத்திரண்டு நாள் ஆனது.

அந்த முப்பத்திரண்டு நாளும் தெருவில் அவர் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்! இந்தத் தடவை பொய் இல்லையே. "நிறுத்தி வெச்சிருக்கேன்" என்றார், உண்மையாகவே நிறுத்தி வைத்திருந்தார். மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகப் போயின. பெரியம்மா மட்டும் துறைக்கு வெளியே நங்கூரத்தில் இருமிக்கொண்டு நின்றாள். எஞ்சின் அறைக்காரர்களின் வீட்டுப் பெண்கள் அவர் மனைவியிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு நாள் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்ததும் நேரே அவர் வீட்டுக்கு வந்து, எதிரில் உட்கார்ந்து, "எப்படி மாமா நிறுத்துனீங்க?" என்று கேட்டார்.

"ஒரு காகிதம் குறைஞ்சுது மாப்பிள்ளை. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து அதைப் பிடிச்சேன்."

"அதுவும் வந்துட்டா?"

"வேற ஏதாவது பார்ப்போம்" என்றார். வேறு ஏதும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சும்மாவா, முழுக் கோப்பையும் மனசுக்குள் தினம் நாலு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயும் இன்னொரு ஓட்டை கிடைக்கவில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் உத்தரச் சான்றோடு ஏஜெண்ட் வந்தான். இந்தத் தடவை அவன் ஒன்றுமே பேசவில்லை. கோப்பை வைத்தான், ரசீது வாங்கினான், போய்விட்டான். அதற்கு முந்தின நாளே பயணிகள் கப்பல் ஒன்றில் இருபத்தாறு வெளிநாட்டு ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். சமையல்காரர் முதல் எஞ்சின்காரர் வரை எல்லாம் அவர்களுடைய ஆட்கள். அன்று காலையிலேயே எஞ்சின் அறைப் பதினொரு பேரையும் மூட்டை முடிச்சோடு இறக்கிவிட்டார்கள். மாப்பிள்ளை தன் எண்ணெய்க் கேனைக் கையில் பிடித்தபடி கரையேறினாராம். அது கப்பல் சொத்து என்று ஒருவன் ஓடிவந்து வாங்கிக்கொண்டானாம்.

பதிவேட்டை மூட வேண்டிய வேலை பூட்டுக்காரருடையது. பெரிய தோல் அட்டைப் புத்தகம், தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். டைப்பிஸ்ட் அம்மாள் ஒரு பக்கம் பிடித்தாள். பெரியம்மாவின் பக்கத்தைத் திறந்து, குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்து, யாருக்கு விற்கப்பட்டது, விலாசம் என்ன, எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்று எழுத வேண்டும். விலாசமும் தேதியும் விற்பனைப் பத்திரத்துக்கு உள்ளேதான் இருக்கும். வருகிற காகிதத்தைத்தான் அவர் படிப்பதில்லை. மூடுகிற காகிதத்தைப் படித்தே ஆக வேண்டும்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்திரத்தைப் பிரித்தார். விலாசம் இரண்டாம் பக்கத்தில் கிடைத்தது. ஒப்படைக்கும் தேதியைத் தேடிக்கொண்டே போனார். ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. இப்படி இருந்தது:

'இம்மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கப்பல் ஒப்படைக்கப்படுமாயின், எஞ்சின் பிரிவில் தற்போது பணிபுரியும் பதினொரு பேரும், மருத்துவப் பரிசோதனை ஏதுமின்றி, இரண்டு ஆண்டுகளுக்கு அதே கப்பலில் பணியில் தொடர்வார்கள். தேதி தவறினால், வாங்குபவர் தம்முடைய ஆட்களைக் கொண்டே கப்பலை எடுத்துச் செல்லலாம்.'

ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். மருத்துவப் பரிசோதனை ஏதுமின்றி. அந்தப் பதினைந்தாம் தேதி போய் மூன்று வாரம் ஆகப்போகிறது. பக்கத்தின் அடியில் முதலாளியின் கையெழுத்து, வாங்கியவரின் கையெழுத்து. மூன்றாம் தேதி கட்டைவிரலால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாரே, அதே கையெழுத்துகள்.

"என்ன சார், மயக்கமா?" என்றாள் டைப்பிஸ்ட் அம்மாள். அவர் மாடிப்படியில் இறங்கி ஓடினார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஏஜெண்ட் கீழே வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவர் வந்த வேகத்தைப் பார்த்து எழுந்து நின்றான்.

"அஞ்சாம் பக்கம்... அந்தப் பதினோரு பேரு விஷயம்... யாரு போட்டது?"

"வாங்குறவங்க கேட்டதுதான் சார். அந்தப் பழைய எஞ்சின் வேற யாருக்கும் அடங்காதுன்னு அவங்க பெரிய எஞ்சினியர் வந்து பார்த்துட்டுச் சொன்னாரு. அதுலயும் காது கேக்காத ஆளு ஒருத்தர் இருக்காராமே, அவரு இல்லாம பேரிங் எல்லாம் எரிஞ்சிடும்னு சொன்னாராம். பரிசோதனை வேணாம்னு எழுத வெச்சதே அவருதான்."

"ஆளுங்களுக்கு ஏன் சொல்லல?"

"தெரிஞ்சா கூலி உயர்த்திக் கேப்பாங்கன்னு முதலாளி சொல்ல வேணாம்னுட்டாரு."

"நீ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேப்பா!"

ஏஜெண்ட் அவரைப் பேய் பிடித்தவரைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அன்னைக்கு அதைச் சொல்லத்தானே சார் வந்தேன்? நீங்கதான் கையக் காட்டுனீங்க."

அப்படியே படியில் உட்கார்ந்தார். அவன் தன் டீயை நீட்டினான். வாங்கிக்கொள்ளவில்லை. எழுந்து மேலதிகாரியின் அறைக்குப் போனார், என்ன கேட்பதற்கு என்றே தெரியாமல். கப்பலைக் கூப்பிட முடியுமா, தேதியைத் திருத்த முடியுமா, வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம் எழுத முடியுமா என்று உளறினார். மேலதிகாரி நல்லவர். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க குறிப்பு எழுதினது விதிப்படிதானே?"

"ஆமாங்க சார்."

"சான்று இல்லாம நீங்க விட்டிருந்தா தப்புதானே?"

"தப்புதாங்க சார்."

"அப்புறம் எதுக்கு வருத்தப்படுறீங்க? விற்பனைப் பத்திரம் அவங்க ரெண்டு பேருக்குள்ள உள்ள விஷயம். நாம அதுல தலையிட முடியாது. போய்ப் பதிவேட்டை மூடுங்க."

போய் மூடினார். சிவப்புக் கோடு இழுத்தார். கோணலாகப் போய்விட்டது. நாலு மணிக்கு ஜன்னலில் பெரியம்மா தெரிந்தாள். புகை கக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி, துறையைத் தாண்டிப் போனாள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவர் பதிவேட்டின் மேல் மை உலரும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மகள் அழுது ஓய்ந்திருந்தாள். மாப்பிள்ளை சுவரோரம் உட்கார்ந்து, சின்னப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பூட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து நின்று, "என்னாலதான் போச்சு" என்றார்.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்கப்பா" என்று மகள் எழுந்து வந்தாள். "ஒரு மாசம் நிறுத்தி வெச்சீங்களே, வேற யாரு செய்வாங்க? முதல்ல உக்காருங்க."

"இல்லம்மா. நிறுத்தினதுனாலதான் போச்சு. நான் நிறுத்தாம இருந்திருந்தா உன் புருஷன் இப்போ கப்பல்ல இருப்பாரு."

மகளுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "எல்லாத்தையும் தன் தலைல தூக்கிப் போட்டுக்கிறதே இவருக்குப் பழக்கம். பத்து வருஷமா ஊர்ல உள்ள கப்பல் பூரா சுமந்தாருல்ல, ஓஞ்சு போயிட்டாரு. தண்ணி கொண்டா."

"ஏய், நான் எதையும் சுமக்கல!" அவர் கத்திவிட்டார். "ஒரு கப்பலைக்கூட நான் நிறுத்தினதில்லடி. எல்லாம் தலைநகரத்துல முடிவு பண்ணாங்க. நான் வெறும் ஸ்டாம்பு குத்தினேன். நானா நிறுத்தினது இந்த ஒண்ணுதான்!"

மனைவி கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் சொன்னதை நம்பி அல்ல. மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதே என்று. மகள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள்.

மாப்பிள்ளை மட்டும் அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து வந்து, அவர் எதிரில் உட்கார்ந்தார். "மெதுவாச் சொல்லுங்க மாமா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் சொன்னார். முகத்தைத் திருப்பாமல், அந்தக் கண்களைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஐந்தாம் பக்கத்தை வரி பிசகாமல் சொன்னார். உள்ளங்கையைக் காட்டியதையும் சொன்னார்.

மாப்பிள்ளை தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். நகக்கண்களில் இன்னும் எண்ணெய் இருந்தது.

"டாக்டர் பரிசோதனை இல்லாமலா?"

"இல்லாம."

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"பதினோரு பேருக்கும்."

மாப்பிள்ளை தலையை மெல்ல ஆட்டினார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று மனசாரக் காத்திருந்தார்.

"மத்த பத்துப் பேருக்கும் இது தெரிய வேணாம் மாமா" என்றார் மாப்பிள்ளை. "தெரிஞ்சா உங்களால இந்தத் தெருவுல நடக்க முடியாது. அத்தையால முடியாது. என் பிள்ளைங்களால முடியாது. நீங்க நிறுத்தி வெச்சீங்க, அவ்வளவுதான். அப்படியே இருக்கட்டும்."

"மாப்பிள்ளை, என்னால அப்படி..."

"இருக்கட்டும் மாமா."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியம்மாவில் கரி அள்ளிப் போட்டவரின் மனைவி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். புருஷனுக்கு வேலை போன வீடு என்பது முகத்திலேயே தெரிந்தது.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். எல்லாரும் கைய விரிச்சப்போ நீங்க ஒருத்தர்தான் எங்களுக்காக அதைப் பிடிச்சு நிறுத்துனீங்க. என் தம்பி கப்பலையும் விக்கப் போறாங்களாம். காகிதம் அடுத்த வாரம் உங்க மேசைக்கு வருதாம். அதையும் இதே மாதிரி..."

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். அவள் வாசலில் நின்றதால் மாப்பிள்ளைக்கு அவள் உதடு தெரியவில்லை. என்ன சொல்கிறாள் என்று இவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"உள்ள வாம்மா" என்றார் பூட்டுக்காரர். "வந்து உக்காரு."